கம்பைலர் படிக்காதவர் ஒரு நிரலாக்க மொழிக்குப் பங்களிக்க முடியுமா?

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒரு முறை சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். மூன்று வருடமாக வேலையில் பைத்தான் எழுதுகிறீர்கள், ரஸ்ட் கொஞ்சம் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள், கம்பைலர் (எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) பாடம் படித்ததில்லை. ஓப்பன் சோர்ஸில் இருக்கிற ஒரு நிரலாக்க மொழிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை. ரெப்போவைத் (அந்த மொழியின் கோட் முழுதும் இருக்கும் கிடங்கு) திறந்தால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புதியவர்களுக்கு ஏற்றது என்று ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ லேபிள் ஒட்டிய இஷ்யூக்களையெல்லாம் (பதிவான பிழைகள், வேலைகள்) யாரோ முன்னாடியே எடுத்துவிட்டார்கள். ‘என்னைப் போன்ற ஆளுக்கு இதில் இடம் உண்டா, உண்டென்றால் எந்தக் கதவு’ என்று முடித்திருக்கிறீர்கள். எந்தக் கோடை எழுதுவது என்பதைவிட, நான் செய்து கொடுப்பதை அங்கே யாராவது வாங்கிக்கொள்வார்களா என்பதுதான் உங்கள் கவலை என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்பது தெரிந்தால்தான் எதை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரியும். சம்பள வேலை போக மிஞ்சுகிற நேரத்தில் பத்து வருடத்துக்கு மேலாக இரண்டு மொழிகளின் கம்பைலர் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறேன், அதில் பாதி வருடங்கள் வந்து குவிகிற பக் ரிப்போர்ட்டுகளைத் தரம் பிரிக்கிற வேலைதான். பார்சர் (கோடின் இலக்கணத்தைப் பிரித்துப் படிக்கும் பகுதி), பிழைச் செய்திகள், டெஸ்ட்டுகள் இதெல்லாம் கைப்பழக்கம். கார்பேஜ் கலெக்டர் (தேவையற்ற நினைவகத்தை விடுவிப்பது), ஜிட் (ஓடும்போதே கம்பைல் செய்வது) பக்கம் நான் கை வைத்ததே இல்லை, அங்கே எப்படி நுழைவது என்று என்னைக் கேட்காதீர்கள்.

சரி, இடம் உண்டா என்றால், உண்டு. ஆனால் இடம் இருப்பது நீங்கள் தேடிய மூலையில் இல்லை. பெரிய மொழி எதை எடுத்தாலும் கோட் எழுத ஆளுக்குப் பஞ்சம் கிடையாது, எழுதியதைப் படித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. பைத்தானின் முதன்மை வடிவமான சிபைத்தானின் ரெப்போவில் மெர்ஜ் ஆகாமல் காத்திருக்கும் புல் ரிக்வெஸ்ட்டுகள் (சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிய மாற்றங்கள்) ஆயிரத்துக்கு மேல், திறந்த இஷ்யூக்கள் பல ஆயிரம். ரஸ்டிலும் அதே கதைதான். ஒவ்வொன்றையும் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கக்கூடிய, அந்தப் பகுதியை உண்மையிலேயே அறிந்த ஆட்கள் சில பேர்தான், அவர்களிலும் பலர் என்னைப் போல ராத்திரி நேரத்துக்காரர்கள். அதனால் எந்த வேலையை எடுக்கும்போதும் ஒரே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: நான் இதைச் செய்தால் அந்தச் சில பேரின் வேலை கூடுமா, குறையுமா? குறைக்கிற வேலையைச் செய்தால் கதவு தானாகத் திறக்கும். கூட்டுகிற வேலையைச் செய்தால் கோட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வரிசையில் கிடக்கும். நான் கீழே சொல்லப்போவதெல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான்.

நீங்கள் ரெப்போவைத் திறந்து மிரண்டதற்குக் காரணம், முதல் நாளே சமையலறைக்குள் போய்விட்டீர்கள். சிபைத்தானில் பைட்கோடை (பைத்தான் உள்ளே மாற்றிக்கொள்ளும் கட்டளைகள்) ஓட்டுகிற, சி மொழியில் எழுதிய கோப்பைத் திறந்தால் எனக்கும் மிரளும். ஆனால் அதே ரெப்போவில் ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் பெரும்பகுதி ‘லிப்’ என்ற ஃபோல்டருக்குள் சாதாரணப் பைத்தானில்தான் இருக்கிறது, டெஸ்ட்டுகள் அதற்குள்ளேயே, ஆவணங்கள் ‘டாக்’ ஃபோல்டரில். மூன்று வருடம் பைத்தான் எழுதியவர் ஜேசன் மாட்யூலையோ ஆர்க்பார்ஸையோ திறந்து ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். கோ மொழியில் இன்னும் வசதி: 2015 ஆகஸ்டில் வந்த 1.5 பதிப்பிலிருந்து கம்பைலரே கோ மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது, மொழி தெரிந்தால் கம்பைலரையும் படிக்கலாம். ரஸ்ட் கம்பைலரும் ரஸ்டில்தான், ஆனால் அளவில் மலை, வழிகாட்டி இல்லாமல் ஏற வேண்டாம்.

‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன், அதை மறந்துவிடுங்கள். பெரிய மொழிகளில் அந்த லேபிள் ஒட்டிய சில மணி நேரத்திலேயே இரண்டு மூன்று பேர் ‘நான் எடுத்துக்கொள்கிறேன்’ என்று எழுதிவிடுகிறார்கள், அதில் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. (மூன்று மாதமாக ஒரு சத்தமும் இல்லை என்றால், எடுத்தவரிடம் மரியாதையாக ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.) ஆட்கள் திரும்பிப் பார்க்காத லேபிள்கள் வேறு இருக்கின்றன. ரஸ்டில் ‘ஈ-நீட்ஸ்-டெஸ்ட்’ என்று ஒன்று: பக் எப்போதோ சரியாகிவிட்டது, ஆனால் திரும்ப வராமல் காக்க டெஸ்ட் எழுதவில்லை என்று அர்த்தம். ‘ஈ-நீட்ஸ்-எம்சிவிஈ’ என்றால் பக் இருக்கிறது, அதைச் சின்னதாகக் காட்டும் உதாரணம் வேண்டும். ‘ஈ-நீட்ஸ்-பைசெக்ஷன்’ என்றால் எந்த மாற்றத்தில் உடைந்தது என்று யாராவது தேடித்தர வேண்டும். இந்த மூன்றுக்கும் கம்பைலர் தியரி ஒரு துளி வேண்டாம்.

இதில் நடுவில் உள்ளதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் என் ஆரம்பமே அதுதான். பக்கைச் சுண்டக் காய்ச்சுவது என்று நாங்கள் சொல்வோம். ஒருவர் கம்பைலர் கிராஷாகி விழுந்துவிட்டது என்று ரிப்போர்ட் போட்டிருந்தார், கூடவே தன் புராஜெக்ட்டின் ஜிப் கோப்பு, அறுநூறு சொச்சம் வரி, நான்கு வெளி லைப்ரரிகள். யாரும் தொடவில்லை, ஐந்து மாதமாக அப்படியே கிடந்தது. எனக்கும் கம்பைலருக்குள் என்ன நடக்கிறது என்று சுத்தமாகத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும்: பாதியை வெட்டு, ஓட்டு, இன்னமும் விழுகிறதா பார். விழுந்தால் வெட்டியது தேவையில்லை. விழவில்லை என்றால் வெட்டியதில்தான் விஷயம் இருக்கிறது, திரும்ப ஒட்டி மற்ற பாதியை வெட்டு. முதல் அரை மணி நேரத்தில் நானூறு வரி போய்விட்டது. அப்புறம்தான் மெதுவாகும். வெளி லைப்ரரியை நீக்க வேண்டுமென்றால் அதிலிருந்து வருகிற டைப்பை நாமே பொய்யாக ஒன்று செய்து வைக்க வேண்டும், ஃபங்க்ஷனின் உடலை எடுத்துவிட்டு வெறும் தலைப்பை மட்டும் விட வேண்டும், பெயர்களையெல்லாம் ஓரெழுத்தாக்க வேண்டும். ஒரு கட்டத்தில் விழுவது நின்று வேறு ஏதோ பிழை காட்டும், அது பழைய பக் கிடையாது, ஏமாறக் கூடாது, செய்தியின் முதல் வரியை ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டே ஆக வேண்டும். இரண்டு ராத்திரி கழித்துக் கையில் மிஞ்சியது ஏழு வரி: காலியான டப்பிள் ஒன்றை டீஃபால்ட் மதிப்பாக வைத்த ஒரு ஃபங்க்ஷன், அதைத் தனக்குள் மடக்கி அழைக்கும் இன்னொன்று. அவ்வளவுதான். அதை அந்த இஷ்யூவில் ஒட்டினேன். மறுநாள் காலையில் மெயின்டெயினர் (திட்டத்தைப் பராமரிப்பவர்) ஒருவர் ‘ஓ, இதுவா’ என்று எழுதி, இரண்டு வரியில் சரிசெய்து, என் ஏழு வரியை அப்படியே டெஸ்ட்டாகச் சேர்த்துக்கொண்டார். ஐந்து மாதம் கிடந்தது ஒரே நாளில் முடிந்தது, நான் கம்பைலர் கோடில் ஒரு எழுத்தும் எழுதவில்லை. அதைவிடப் பெரிய லாபம், அவர் மாற்றிய இரண்டு வரியைப் பார்த்ததும் கம்பைலரில் எந்தக் கோப்பு எதைச் செய்கிறது என்று எனக்கு ஒரு மூலை விளங்கிவிட்டது. அடுத்த முறை அதே மூலையில் வந்த பக்கை நானே சரிசெய்தேன்.

வெட்டுகிற வேலையைச் செய்ய இப்போது தானியங்கிக் கருவிகளும் உண்டு, சி மொழிக்கு எழுதப்பட்ட சி-ரெட்யூஸ் அதில் பிரபலம், மற்ற மொழிக் கோப்புகளுக்கும் ஓரளவு உதவும். ஆனால் முதல் சில தடவை கையாலேயே செய்யுங்கள் என்பது என் அபிப்பிராயம். எதை வெட்டினால் உயிர் போகிறது என்று கை கற்றுக்கொள்ளும்.

பைசெக்ஷன் இன்னும் சுலபம். போன பதிப்பில் ஓடியது, இந்தப் பதிப்பில் ஓடவில்லை என்றால், நடுவில் ஆயிரம் கமிட் (பதிவான மாற்றம்) இருந்தாலும் பாதி பாதியாகப் பிரித்துத் தேடினால் பத்தே தடவையில் குற்றவாளி கையில் கிடைக்கும். கோடின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியிலேயே ‘பைசெக்ட்’ என்ற கட்டளை அதற்குத்தான் இருக்கிறது. ரஸ்டில் ஒவ்வொரு தடவையும் கம்பைலரைக் கட்டிக்கொண்டிருக்கக்கூட (பில்ட் செய்யக்கூட) வேண்டாம், ‘கார்கோ-பைசெக்ட்-ரஸ்ட்சி’ என்ற கருவி தினசரிப் பதிப்புகளைத் தானே இறக்கி ஓட்டிப் பார்த்து எந்த நாளில் உடைந்தது என்று சொல்லிவிடும். அதை ஓட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். திரும்பி வந்து முடிவை இஷ்யூவில் ஒட்டினால் அது ஒரு முழுப் பங்களிப்பு, யாரும் குறைவாக நினைப்பதில்லை.

தரம் பிரிப்பது பற்றி: பைத்தானில் ‘ரவுண்ட்’ ஃபங்க்ஷனுக்கு 2.5 கொடுத்தால் 2 வருகிறது, 3 வரவில்லை, இது பக் என்று அவ்வப்போது யாராவது வந்து எழுதுவார்கள். பக் கிடையாது, சரியாக நடுவில் விழும் எண்ணைப் பைத்தான் 3 அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குத்தான் கொண்டுபோகும், ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. இதை அன்பாக விளக்கி, ஆவணத்தின் அந்தப் பத்தியைச் சுட்டிக்காட்டுவதற்குச் சிபைத்தானின் உள்விவகாரம் தெரிய வேண்டாம், மூன்று வருட அனுபவம் தாராளமாகப் போதும். அதேபோல், ஐந்து வருடம் முன்பு வந்த ரிப்போர்ட்டை இன்றைய பதிப்பில் ஓட்டிப் பார்த்து ‘இப்போது வரவில்லை’ அல்லது ‘இன்னமும் வருகிறது, இந்தப் பதிப்பில், இந்த இயங்குதளத்தில்’ என்று எழுதுவது. தொடர்ந்து உருப்படியாகச் செய்பவர்களுக்குச் சிபைத்தானில் இஷ்யூவை மூடவும் லேபிள் ஒட்டவும் உரிமை கொடுக்கிற தனிக் குழுவே இருக்கிறது. ரஸ்டில் ஒரு படி மேலே போய், ரஸ்ட்பாட் என்ற தானியங்கிக் கணக்கிடம் (பாட்) கமெண்ட்டில் சொல்லியே வெளியாட்களும் பெரும்பாலான லேபிள்களை மாற்றலாம், இஷ்யூவைத் தன் பெயரில் எடுத்துக்கொள்ளவும் செய்யலாம்.

அடுத்து, கோட் எழுதித்தான் ஆக வேண்டும் என்று கை அரித்தால், பிழைச் செய்திகளுக்குப் போங்கள். ஒரு அடைப்புக்குறியை மூட மறந்தால் பழைய பைத்தான் என்ன சொல்லும் என்று ஞாபகம் இருக்கிறதா? அடுத்த வரியை, ஒரு பாவமும் அறியாத வரியைக் காட்டி ‘தவறான தொடரமைப்பு’ என்ற மாதிரி மொட்டையாகச் சொல்லும். 2021 அக்டோபரில் வந்த 3.10 முதல் ‘இந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை’ என்று சரியான இடத்தைச் சுட்டுகிறது. 3.9இல் பார்சரையே மாற்றியது அதற்கு வழிவிட்டது, அது நிபுணர் வேலைதான், ஆனால் எந்த இடத்தில் செய்தி குழப்புகிறது என்று கண்டுபிடிப்பது நிபுணரால் முடியாத வேலை. நிபுணருக்கு அந்தத் தப்பே வராது, வந்தாலும் செய்தியைப் படிக்காமலே சரிசெய்துவிடுவார். புதிதாகக் கற்கிறவர்தான் முட்டிக்கொள்வார். நீங்கள் ரஸ்டில் இன்னும் தடுமாறுகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள், அது கொஞ்ச காலத்துக்கு மட்டும் கையில் இருக்கும் சொத்து, செலவழித்துவிடுங்கள். கம்பைலர் சொன்ன யோசனையை அப்படியே செய்து, அது மறுபடி வேறு பிழையில் கொண்டுபோய் விட்டதா? அதைக் குறித்து வையுங்கள், அதுவே ஒரு நல்ல இஷ்யூ.

ரஸ்டில் இந்த வேலை எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். ‘டெஸ்ட்ஸ்’ ஃபோல்டருக்குள் ‘யூஐ’ என்று ஒன்று, அதில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ரஸ்ட் கோப்புகள், பிழை காட்ட வேண்டிய ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதே பெயரில் ஒரு ‘எஸ்டிடிஎர்’ கோப்பு. முதலாவது தப்பான புரோகிராம், இரண்டாவது அதற்குக் கம்பைலர் என்ன சொல்ல வேண்டும் என்பதின் எழுத்துக்கு எழுத்து நகல். செய்தியின் சொற்றொடரைக் கம்பைலரில் தேடி மாற்றுகிறீர்கள், டெஸ்ட்டை ஓட்டுகிறீர்கள், நாற்பது டெஸ்ட் சிவப்பாகிறது, பயப்பட வேண்டாம், ‘ப்ளெஸ்’ என்ற விருப்பத்தோடு மறுபடி ஓட்டினால் அந்த நகல்களையெல்லாம் அதுவே புதுப்பித்துவிடும். ஆசீர்வாதம் என்று பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது. அப்புறம் உங்கள் வேலை அந்த நாற்பது மாற்றத்தையும் கண்ணால் படிப்பது: ஒவ்வொரு இடத்திலும் புதுச் செய்தி பொருந்துகிறதா? முப்பத்தெட்டில் பொருந்தி இரண்டில் அபத்தமாக இருக்கும். அந்த இரண்டில்தான் உண்மையான வேலை.

ஆவணத் திருத்தம் எல்லோரும் சொல்கிற அறிவுரை, நான் கொஞ்சம் தயங்கித்தான் சொல்வேன். எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தி அனுப்புவதில் தப்பில்லை, ஆனால் 2020 அக்டோபரில் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற பங்களிப்பு விழா நடந்தபோது, பரிசாகத் தரும் ஒரு டி-ஷர்ட்டுக்காக ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லை நுழைத்து ஆயிரக்கணக்கானோர் அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்டுகளில் மெயின்டெயினர்கள் நொந்துபோனார்கள். விருப்பப்பட்ட ரெப்போக்கள் மட்டும் கலந்துகொள்ளலாம் என்று அந்த மாதத்துக்குள்ளேயே விதியை மாற்றும்படி ஆனது. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. அதனால் ஆவணத்தில் கை வைத்தால், நீங்கள் உண்மையிலேயே ஒரு மணி நேரம் தொலைத்த இடத்தில் வையுங்கள்: உதாரணம் ஓடவில்லை, ஒரு ஃபங்க்ஷன் எந்த எக்ஸெப்ஷனை எழுப்பும் என்று சொல்லவில்லை, காலி லிஸ்ட் கொடுத்தால் என்ன ஆகும் என்று எழுதவில்லை. அப்படிப்பட்ட திருத்தத்தை மெயின்டெயினர்கள் மறுத்து நான் அதிகம் பார்த்ததில்லை.

உங்கள் விஷயத்தில் நான் கையைக் காட்டக்கூடிய ஒரே இடம் எது என்று கேட்டால், டைப்ஷெட். பைத்தானின் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்கான டைப் விவரங்கள் (எது எண், எது சரம் என்பது போன்ற குறிப்புகள்) அங்கேதான் தனிக் கோப்புகளாக இருக்கின்றன, மைபை, பைரைட் போன்ற சரிபார்ப்பான்கள் அதை வைத்துத்தான் ஓடுகின்றன. ஒரு ஃபங்க்ஷன் ‘நன்’ (மதிப்பு எதுவும் இல்லை என்பது) திருப்பலாம் என்பதை யாரோ எழுத மறந்திருப்பார்கள், உங்கள் ஆபீஸ் கோடில் சரிபார்ப்பான் அநியாயமாகக் கத்தும், தேடிப் போனால் ஒரு வரி மாற்றம். சி தெரிய வேண்டாம், எதையும் கட்ட வேண்டாம், அந்த ஒரு வரி பல பேர் கணினிக்குப் போய்ச் சேரும். ரஸ்ட் பக்கம் அதற்கு ஈடானது கிளிப்பி, எச்சரிக்கை சொல்லும் கருவி. அதன் ஒவ்வொரு விதியும் கிட்டத்தட்ட தனித்தனித் தீவு, ஒன்றைப் புரிந்துகொள்ள மற்றதைப் படிக்க வேண்டியதில்லை, போகிற வழியில் கம்பைலரின் உள்வடிவமும் பழகிவிடும்.

தமிழ் எழுதுகிறவர்களிடம் மட்டும் சொல்ல ஒன்று இருக்கிறது. ‘மொழி’ என்ற சொல்லின் நீளம் என்ன? நமக்கு இரண்டு எழுத்து. பைத்தான் குறிகளைத் தனியாக எண்ணி 4 என்று சொல்லும், கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 12 பைட். கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேமித்த கோப்பிலிருந்து வந்தால் 5 என்றும் சொல்லும், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டையும் ஒப்பிட்டால் சமமில்லை என்றும் சொல்லும். மாறியின் பெயராக ‘விலை’ என்று பைத்தானிலும் ரஸ்டிலும் வைக்கலாம், கோ மொழியில் வைக்க முடியாது, ஏனென்றால் அதன் இலக்கணப்படி பெயரில் எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான் வரலாம், நம் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் யூனிகோடில் எழுத்து வகையில் சேராது. பிழையைச் சுட்டும் சின்ன அம்புக்குறி தமிழ் சரம் உள்ள வரியில் சரியான இடத்தில் நிற்கிறதா, எடிட்டரில் பெயர் மாற்றும் வசதி தமிழ்ப் பெயருக்கு நடுவில் வெட்டுகிறதா, ஃபார்மேட்டர் வரி நீளத்தை எப்படி எண்ணுகிறது என்றெல்லாம் சோதித்துப் பார்க்க ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவருக்குத் தோன்றாது. இதையெல்லாம் சரிசெய்வது எளிதில்லை, சிலது மொழி வடிவமைப்பின் முடிவு, ஒரு பேட்ச்சில் (அனுப்பும் மாற்றத்தில்) மாறாது. ஆனால் சுத்தமான ரிப்போர்ட் எழுத நம்மிடம் முதல் நாளிலிருந்தே சரக்கு இருக்கிறது.

கணினி பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிபைத்தானையும் கோ மொழியையும் சாதாரண லேப்டாப்பில் சில நிமிடத்தில் கட்டிவிடலாம். ரஸ்ட் கம்பைலருக்கு அவர்களுடைய வழிகாட்டியே 30 ஜிபி காலி இடமும் 8 ஜிபி ராமும் இருந்தால் நல்லது என்கிறது, எல்எல்விஎம்மை (ரஸ்ட் கம்பைலர் அடியில் பயன்படுத்தும் பெரிய மென்பொருள்) கட்டாமல் தயாராக இருப்பதை இறக்கிக்கொள்ளும் அமைப்பை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மணிக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

சடங்குகள் மொழிக்கு மொழி மாறும். சிபைத்தானுக்கும் கோவுக்கும் முதல் முறை ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், ரஸ்டுக்கு வேண்டாம். கோ மொழியில் ரிவியூ (அனுப்பியதைப் படித்துப் பார்ப்பது) நடப்பது கெரிட் என்ற வேறு இடத்தில், கிட்ஹப்பில் அனுப்பினால் ஒரு பாட் அங்கே கொண்டுபோய் வைக்கும், நீங்களும் அங்கேதான் பதில் எழுத வேண்டும், கிட்ஹப்பிலேயே பதில் எழுதிவிட்டு ‘யாரும் கண்டுகொள்ளவில்லை’ என்று நொந்துகொள்பவர்கள் உண்டு. கோ வருடத்துக்கு இரண்டு பதிப்பு, பிப்ரவரியும் ஆகஸ்டும், அதற்கு முந்தைய மாதங்களில் புதிய விஷயம் எதையும் ஏற்க மாட்டார்கள். பைத்தானில் மே மாதம் பீட்டா தொடங்கினால் அக்டோபர் பதிப்பில் புது வசதி சேர்க்கும் கதவு மூடும். ரஸ்டில் ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

பதில் வர எவ்வளவு நாள் ஆகும் என்பதற்கு உறுதியான எண் யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அரை மணி நேரத்திலும் வந்திருக்கிறது, எட்டு மாதம் கழித்தும் வந்திருக்கிறது. எட்டு மாதக் கதையைச் சொல்கிறேன், தப்பு என்னுடையதுதான். ஒரு மாட்யூல் அசிங்கமாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றி, யாரையும் கேட்காமல் தொள்ளாயிரம் வரியைச் சீராக்கி ஒரே புல் ரிக்வெஸ்ட்டாக அனுப்பினேன். டெஸ்ட்டெல்லாம் பச்சை, பெருமையாகத்தான் இருந்தது. எட்டு மாதம் கழித்து மெயின்டெயினர் ரொம்பப் பக்குவமாக எழுதி மூடினார்: இதில் எந்தப் பக்கும் சரியாகவில்லை, ஆனால் தொள்ளாயிரம் வரியையும் நான் படித்தாக வேண்டும், இந்த மாட்யூலைத் தொடும் இன்னும் ஆறு பேரின் பேட்ச்கள் இதனால் மோதும். அவர் சொன்னது முழுக்க நியாயம். அன்றிலிருந்து ஐம்பது வரிக்கு மேல் போனால் முதலில் இஷ்யூவில் கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன். பதிலே வராவிட்டால் மூன்று நான்கு வாரம் பொறுத்து ஒரு நினைவூட்டல் போடலாம், தினமும் போட்டால் எரிச்சல்தான் வரும். சும்மா காத்திருக்கிற நேரத்தில் வேறு ஒருவருடைய புல் ரிக்வெஸ்ட்டை இறக்கி ஓட்டிப் பார்த்து, ‘என் கணினியில் ஓட்டினேன், இந்த உதாரணத்தில் மட்டும் இப்படி வருகிறது’ என்று எழுதுங்கள். ரிவியூ செய்ய யாருடைய அனுமதியும் வேண்டாம்.

மொழிக்கே புது வசதி சேர்க்கலாமா என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். பைத்தானில் அதற்குப் பெப் என்ற முன்மொழிவு ஆவணம் எழுத வேண்டும், நீங்கள் கோர் டெவலப்பராக இல்லாவிட்டால் ஒருவர் பொறுப்பேற்க முன்வர வேண்டும், பிறகு விவாதம், பிறகு ஐந்து பேர் கொண்ட ஸ்டீயரிங் கவுன்சிலின் முடிவு. அந்தக் கவுன்சில் உருவானதே ஒரு பெப் சண்டைக்குப் பிறகுதான்: வால்ரஸ் ஆபரேட்டர் என்று சொல்லப்படும் பெப் 572 விவாதத்தில் களைத்துப்போய் 2018 ஜூலையில் கீடோ வான் ராசம் முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகினார். மொழியை உருவாக்கியவரே சலித்துப்போன மைதானத்தில் முதல் வாரமே இறங்க வேண்டாம். நடக்கிற விவாதங்களைப் படியுங்கள், நல்ல யோசனைகள்கூட ஏன் மறுக்கப்படுகின்றன என்பதை அங்கேதான் கற்க முடியும்.

ஏஐ கொண்டு பேட்ச் எழுதலாமா என்பதில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு விதி, போவதற்கு முன் படித்துவிடுங்கள். ஜிக் மொழியில் இஷ்யூவுக்கும் கூடாது, பேட்ச்சுக்கும் கூடாது, மொழிபெயர்க்கக்கூடப் பயன்படுத்தக் கூடாது, உங்கள் தாய்மொழியிலேயே எழுதுங்கள், படிப்பவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டார்கள். மற்ற இடங்களில் இவ்வளவு கறார் இல்லாவிட்டாலும், ரிவியூவில் கேட்கும் கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியாத கோடை அனுப்பினால் அடுத்த முறை உங்கள் பெயரைப் பார்த்ததும் தள்ளிப்போடுவார்கள். உங்கள் ஆங்கிலம் சரியில்லை என்று தயங்கியிருந்தீர்கள், ஏழு வரிக் கோடும் ‘எதிர்பார்த்தது இது, வந்தது இது’ என்ற இரண்டு வரியும் இருந்தால் இலக்கணத்தை யாரும் கவனிப்பதில்லை.

இதனால் வேலை கிடைக்குமா என்பதற்கு என்னிடம் நேர்மையான பதில் ‘சிலருக்குக் கிடைத்திருக்கிறது’ என்பது மட்டும்தான், அதை நம்பி இறங்காதீர்கள். கூகுள் சம்மர் ஆஃப் கோட் உதவித்தொகை தருகிறது, 2022 முதல் மாணவராக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, ஆனால் அதற்கும் முன்கூட்டியே அந்தத் திட்டத்தில் முகம் தெரிந்தவர்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

எந்த மொழி என்று இன்னும் குழப்பமாக இருந்தால், தினமும் எழுதுகிற மொழியையே எடுங்கள், உங்களுக்கு அது பைத்தான். இந்த வாரம் ஆபீஸில் மைபை உங்களை எங்கே அநியாயமாகக் கத்தியது என்று பாருங்கள். ‘டைப்: இக்னோர்’ என்று வாயை மூடி வைத்த வரிகளைத் தேடினாலே நாலைந்து கிடைக்கும். அதில் எதற்கு டைப்ஷெட்டில் இஷ்யூ இல்லை என்று பார்த்துவிட்டு வந்து இங்கேயே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.